தமிழறியாத் தமிழ்ப்பட இயக்குநர்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் 'மீரா' படப் பாடல்களைக் கேளாத முதியவர் அரியர். அண்மையில் எம் இல்லத்தில் அப்படத்தைக் கண்டபோது, அதனை இயக்கியவர் அமெரிக்கர் என்றும், அவர் தமிழறியாதவர் என்றும் கூறினோம். தமிழை நன்கு பேசினும் எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கவல்ல எம் மகள், "அப்படியானால் எனக்குத் தெரிந்த தமிழே போதுமே, அப்பா!" என்றாள். அச்சொல் எம் நெஞ்சைத் தைத்தது. அதற்கு விடை காணவே அவ்வியக்குநரின் வரலாற்றை ஈண்டு ஆராய்கின்றோம்.

எல்லிஸ் ஆர். டங்கன் 1909-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பார்ட்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றார். உடன் பயின்ற மாணிக் லால் டாண்டன் அழைக்க, 1935-இல் இந்தியா வந்தார். சில மாதங்களில் திரும்பும் எண்ணத்துடன் வந்தவரைத் தமிழகம் பதினைந்து ஆண்டுகள் தன்பால் ஈர்த்து வைத்துக்கொண்டது.

எஸ். எஸ். வாசன் எழுதிய புதினத்தைத் தழுவிய 'சதிலீலாவதி' 1936-இல் இவர் இயக்கத்தில் வெளிவந்தது. எம். ஜி. இராமச்சந்திரன், டி. எஸ். பாலையா ஆகியோர் திரையில் முதன்முதல் தோன்றியது அப்படத்திலேயாம். அந்நாளைய தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நாடகமேடையை அப்படியே படம்பிடித்தவை போன்றிருந்தன. டங்கனோ காமிராவுக்கு அசைவு தந்தார். முகபாவமும் கதை சொல்லும் எனக் காட்டினார்.

எனினும், இவர் தனித்து நின்று வென்றாரா? அன்று. 1937-இல் வெளிவந்த 'அம்பிகாபதி'யில் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் சாயலில் காதற் காட்சிகளை அமைத்தவர் டங்கன். அவற்றுக்கு அழகிய தமிழ் உரையாடல் தந்தவர் இளங்கோவன். எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை' 1940-இலும், 'மீரா' 1945-இலும் வந்தன. 'மீரா'வுக்குக் கல்கியின் எழுத்தும் பாபநாசம் சிவனின் பாட்டும் துணைநின்றன. 1950-இல் வந்த 'பொன்முடி' பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' என்னும் காவியத்தை அடியொற்றியது. அதே ஆண்டில் வந்த 'மந்திரிகுமாரி', குண்டலகேசிக் கதையினின்று மு. கருணாநிதி ஆக்கியது. டங்கன் இடையே தாயகம் திரும்ப, அதனை நிறைவு செய்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் வாழ்ந்து, ஆவணப்படங்கள் எடுத்துவந்த டங்கன் 2001-இல் மறைந்தார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? டங்கனுக்குத் தமிழ் தெரியாதிருந்தது குறையே. அக்குறையை நிறைத்தவர்கள் தமிழில் தோய்ந்த அறிஞர்கள். படப்பிடிப்பில் ஒவ்வொரு சொல்லையும் அவருக்கு விளக்கித் தர உதவியாளர் அருகில் இருந்தனர். நாளை நம் பேரக் குழந்தைகள் ஒரு தமிழ் நூலைக் கையில் எடுத்தால், விளக்கிச் சொல்ல வீட்டில் யார் இருப்பார்? இன்று எழுத்துக்கூட்டும் மகள்தான் அன்று பாட்டி!

மகளைக் குறைகூறும் தகுதி எமக்குண்டா என்றும் எண்ணிப் பார்த்தோம். மைய அரசுப் பணியில் இந்நகருக்கு மாற்றலாகி வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. கன்னடத்தில் விண்ணப்பம் வந்தால் இன்றும் பக்கத்து மேசை நண்பரையே நாடுகின்றோம். அலுவலகத்தில் யாமும் ஒரு டங்கனே. அவர்தம் கலைத்திறன் மட்டும் எம்மிடம் இல்லை!

ஆகவே, தந்தைக்கும் மகளுக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் அவள் தமிழ் படிக்கின்றாள். பள்ளியில் தான் கற்ற கன்னட எழுத்துகளை எமக்குக் கற்பிக்கின்றாள். அன்னை மொழியைக் காப்பதும், அடைக்கலம் தந்த மண்ணின் மொழியைக் கற்பதும் பகையான செயல்கள் அல்ல. டங்கன் விட்டுச்சென்ற படங்களைப் போற்றுவோம்; அவர் கல்லாது விட்டதை நாம் கற்போம்.