ஹனோயில் குத்திய ஊசி

செங்கமாரி என்றால் வினாயகபுரத்திலிருந்து கல்முனை வரைக்கும் எங்கட ஆக்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கீழ்காய்நெல்லிதான். ஆனால் எல்லாச் செங்கமாரியும் ஒன்றில்லை. நடுக்கத்தோடு காய்ச்சல், வலப்பக்க மேல்வயிற்றில் வலி, கண்ணில் மஞ்சள்: மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தக்குழாய் அடைபட்டுக் கிருமி தொற்றியிருக்கலாம். இதை 1877இலேயே பாரிஸ் வைத்தியர் சார்கோ எழுதிவைத்தார். அடைப்பை எடுக்காவிட்டால் கிருமி இரத்தத்தில் ஏறி ஆளை முடித்துவிடும். அது எங்கே இருக்கிறது என்று வெளியில இருந்து பார்க்கத்தான் அவரிடம் வழியில்லை.

1895இல் ரொண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததும் எல்லாம் சரியாகியிருக்கும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். இல்லையாம். எலும்பு பளிச்சென்று தெரியும். பித்தமும் ஈரலும் ஒரே சாம்பல் நிறம். பித்தக்கற்களில் பெரும்பாலானவையும் படத்தில் விழாது. 1924இல் அமெரிக்காவின் சென் லூயிஸில் கிரகாமும் கோலும் ஒரு வழி பிடித்தார்கள். படத்தில் தெரியும் ஒரு மருந்தை இரத்தத்தில் ஏற்றினால், ஈரல் அதைப் பித்தத்தோடு தள்ளும், பித்தப்பை படத்தில் வரும். நல்ல யோசனைதான். ஆனால் குழாய் அடைபட்டுச் செங்கமாரி முற்றினவருக்கு ஈரல் அந்த மருந்தைத் தள்ளாது. யாருக்கு அவசரமோ அவருக்கே படம் இல்லை! 1931இல் ஆர்ஜென்டீனாவில் மிரிசி குழாய்க்குள்ளேயே மருந்தை ஏற்றிப் படமெடுத்தார். அதற்கு முதலில் வயிற்றை வெட்ட வேணும்.

வெட்டாமல் செய்தது ஹனோயில். 1937இல் பிரெஞ்சுக்காரர் ஹுவார், வியட்நாமியரான தோ சுவான் ஹோப் இருவரும் தோலுக்கு மேலாலேயே ஈரலுக்குள் ஊசி குத்தி, அயடின் கலந்த எண்ணெயைக் குழாய்க்குள் விட்டுப் படமெடுத்தார்கள். காலனி நாடொன்றில் நடந்த வேலை. பரவலாகக் கவனிக்கப்படவே இல்லை. 1952இல் அமெரிக்காவில் திரும்பச் செய்த பிறகுதான் பேசப்பட்டது. அறிவும் கப்பலேறிப் போய் முத்திரை குத்திக்கொண்டு வரவேண்டியிருந்தது போல.

ஊசிக்கு ஆபத்தும் இருந்தது. பித்தம் வயிற்றுக்குள் கசியும், இரத்தம் வடியும். சீழ் நிறைந்த குழாய்க்குள் மருந்தை அழுத்தி ஏற்றினால் கிருமியை நாங்களே இரத்தத்துக்குள் தள்ளிவிடுவோம். 1974இல் ஜப்பானின் சிபாவில் ஒக்குடா குழுவினர் மெல்லிய ஊசியைக் கொண்டுவந்ததும் ஆபத்துக் குறைந்தது. 1968இலேயே வாய்வழியாகக் குழாயை இறக்கி, கீழிருந்து மருந்து ஏற்றிப் படமெடுக்கும் முறையும் வந்துவிட்டது. அதே குழாயாலேயே கல்லை எடுக்கலாம், சீழை வடிக்கலாம்.

இப்ப முதலில் ஸ்கேன்தான். எக்ஸ்ரே பெரும்பாலும் வருவது அடைப்பைத் திறக்கும் அந்த நேரத்தில், வைத்தியரின் கை போகும் வழியைக் காட்ட.