பிலிம்: ஒரு சொல்லின் கதை

கமராவுக்குள் போடுவதும் பிலிம், திரையரங்கில் ஓடுவதும் பிலிம். பத்திரிகை அலுவலகங்களில் என்னைப் போன்றோர் மூன்றாவது பிலிம் ஒன்றையும் அறிந்திருந்தோம். ஓப்செற் அச்சுமுறையில், தகடு தயாரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கமும் பிலிமாக எடுக்கப்படும். இந்த மூன்றுக்கும் பெயர் கொடுத்த சொல் எங்கிருந்து வந்தது?

பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் 'பில்மென்'. பொருள், மெல்லிய சவ்வு. விலங்கின் தோலைக் குறிக்கும் 'பெல்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததே. 16ஆம் நூற்றாண்டளவில், எப்பொருளின் மேலும் படரும் மெல்லிய படலத்தை இச்சொல் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில், ஒளிப்படத் தகட்டில் பூசப்படும் ஒளியுணர் பூச்சுக்கு அது பெயராயிற்று. 1889இல் ஈஸ்ற்மன் நிறுவனம் செலுலோயிட் சுருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பூச்சின் பெயர் சுருளுக்கும் உரியதாயிற்று. 1895 டிசெம்பர் 28இல் லூமியர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் பெற்றுப் படம் காட்டினர். அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குள், சுருளில் பதிந்த கதையும் பிலிம் எனப்பட்டது.

ஒரு பொருத்தத்தை இங்கே குறிப்பிட வேண்டும். வெள்ளி உப்புகளைச் சுருளில் பிடித்து வைத்திருக்கும் ஜெலற்றின், விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. சொல் நெடுந்தூரம் வந்த பின்னரும் தோலின் உறவு அறுந்துவிடவில்லை.

தமிழின் 'படம்' துணியோடு தொடர்புடையது. அச்சொல்லுக்குத் துணி என்பது பழைய பொருள்களில் ஒன்று; துணியில் தீட்டிய சித்திரத்தையும் அது குறித்தது. ஆக, இரு மொழிகளுமே காட்சியைத் தாங்கும் பொருளின் பெயரையே காட்சிக்கும் சூட்டியுள்ளன.

அத்தாங்குபொருளின் அருமையை இலங்கை பெரும் விலை கொடுத்தே அறிந்தது. 1983 யூலை வன்செயலில், ஹெந்தளையிலிருந்த கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானது. அங்கிருந்த சிங்களத் திரைப்படங்களின் மூலச்சுருள்களும் அதனோடு எரிந்தன. தமிழர் ஒருவரின் உடைமைக்கு வைக்கப்பட்ட தீ, சிங்களச் சினிமாவின் நினைவுகளையும் சேர்த்தே அழித்தது.

இன்று பெரும்பாலான படங்கள் பிலிம் இன்றியே எடுக்கப்படுகின்றன. எனினும் கணினிக் கோப்பும் ஏதோவொரு வட்டில்தான் தங்கியிருக்கிறது. அந்த வட்டும் பழுதாகும். அதையும் யாராவது பொறுப்பெடுத்துப் பேணவேண்டும். நம்மிடையே எஞ்சியுள்ள பழைய சுருள்களுக்கு அந்தப் பொறுப்பை ஏற்பவர் யார்?