கல்லால மரமும் தென்முகக் கடவுளும்

சிவாலயங்களை வலம் வரும் மெய்யன்பர்கள் கருவறையின் தென்புறச் சுவரில் தட்சிணாமூர்த்தியைக் கண்டு வணங்குவது வழக்கம். வலக்கரத்தில் சின்முத்திரை, திருவடியின் கீழ் முயலகன், இருமருங்கும் சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் என்னும் முனிவர் நால்வர். இவை அனைத்தையும் கண்டு தொழுவோர், பெருமானின் திருமுடிக்கு மேலே சிற்பி செதுக்கிய மரத்தைப் பெரும்பாலும் கருதுவதில்லை.

அம்மரம் யாது? வடமொழி நூல்கள் அதனை வட விருட்சம் என்று கூறும். வடம் என்பது ஆலமரம். தமிழ் அருளாளர்களோ ஆல் என்பதனோடு அமையாது, கல்லால் என்னும் தனிப்பெயரையும் அதற்கு வழங்கினர். இப்பெயர் பாறை நிலத்திற்கும் தமிழரின் சிவ வழிபாட்டிற்கும் உள்ள நெடுங்காலத் தொடர்பை உணர்த்துவதாகும்.

ஆலின்கீழ் அமர்ந்த கடவுளைத் தமிழர் சங்க காலத்திலேயே அறிந்திருந்தனர். நாகம் தனக்கு நல்கிய நீல நிற ஆடையை, ஆய் என்னும் வள்ளல் ஆலமர் கடவுளுக்கு மனமுவந்து அளித்த செய்தியைச் சிறுபாணாற்றுப்படை கூறுகின்றது. பின்வந்த தேவார மூவர் காலத்தில் கல்லால் என்னும் பெயர் பதிகங்களில் இடம்பெற்றது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலுள்ள தட்சிணாமூர்த்தி துதியும் கல்லாலையே சுட்டுகின்றது. அத்துதி இன்றளவும் குருவாரந்தோறும் ஆலயங்களில் ஓதப்பெறுகின்றது.

பழந்தமிழில் கல் என்னும் சொல் பாறையை மட்டுமன்றி மலையையும் குறிக்கும். ஆகவே கல்லால் என்பதற்குக் கயிலை மலைமேல் நின்ற ஆல் என்று பொருள் கொள்வாரும் உளர். பாறையில் வளரும் தனி இனத்து மரம் என்று கொள்வாரும் உளர். இவ்விரு பொருளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. மலையின்றி இம்மரம் இல்லை என்பதே இரண்டிற்கும் பொதுவான கருத்து.

இக்கருத்திற்குச் சோழர் காலச் சான்றும் உண்டு. முதலாம் இராசராசன் எடுப்பித்து 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டு ஒன்று, அங்கு எழுந்தருளுவிக்கப்பெற்ற தட்சிணாமூர்த்தியின் செப்புத் திருமேனியை விரிவாகப் பதிவு செய்துள்ளது. பெருமான் வீற்றிருந்த மலை, அம்மலைமேல் நின்ற மரம், அதன் கிளைகளின் எண்ணிக்கை, மரத்தில் தொங்கிய பொக்கணம் என்று யாவும் அதில் கணக்கிடப்பட்டுள்ளன. மரத்தைத் திருமேனியின் ஓர் உறுப்பாகவே அக்காலத்தவர் மதித்தனர் என்பது இதனால் விளங்கும்.

இனி, அம்மரத்தின் இயல்பைக் காண்போம். கல்லால் என்னும் பெயர் மக்கள் வழக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட காட்டு அத்தி இனங்களுக்கு வழங்குகின்றது. அவற்றுள் ஒன்று, தாவர நூலார் பைகஸ் மோலிஸ் என்று கூறும் மரம். டென்மார்க்கில் பணியாற்றிய தாவர அறிஞர் மார்ட்டின் வால் 1790ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயரிட்டார். மோலிஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு மென்மை என்பது பொருள். மெல்லிய பூம்பட்டுப் போன்ற மயிர் இதன் இலைகளில் படர்ந்திருத்தலின் இப்பெயர் பெற்றது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மழை குறைந்த பாறை நிலங்களே இதன் தாயகம். இதன் உறவினமான கல்லரசு, அரசிலையை ஒத்த இலைகளை உடையது; ஆயினும் அரசிலைக்குரிய நீண்ட வால்நுனி அதற்கு இல்லை. அதுவும் பாறைகளிலேயே விரும்பி வளரும்.

ஊர்ப் பொதுவிடத்தில் நிற்கும் ஆலமரம் ஆழ்ந்த மண்ணும் அகன்ற இடமும் பெற்று, விழுதூன்றிப் பரவும். கல்லாலுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. பழத்தை உண்ட பறவை பாறைப் பிளவில் விதையை விடுகின்றது. பிளவில் படிந்த சிறிதளவு மண்ணிலும் மழையீரத்திலும் விதை முளைக்கின்றது. வேர் பாறையைத் தழுவி, வெடிப்பின் வழியே கீழிறங்கி, தொலைவிலுள்ள ஈரத்தைத் தேடிச் செல்கின்றது. பிற மரங்கள் கனியற்று நிற்கும் கோடையிலும் காட்டு அத்திகளுள் ஏதேனும் ஒன்று கனிந்து நிற்பதால், பறவைகளும் வௌவால்களும் குரங்குகளும் அவற்றை அண்டி வாழ்கின்றன.

அத்தி இனங்கள் பூவாது காய்ப்பன என்று முன்னோர் கருதினர். உண்மையில் நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்கள் காய் போன்று தோன்றும் உறையின் உள்ளே மறைந்துள்ளன. மிகச் சிறிய குளவி ஒன்று காயின் நுனித்துளை வழியே உட்புகுந்து மகரந்தத்தைச் சேர்க்கின்றது. பெரும்பாலும் ஒவ்வோர் அத்தி இனத்திற்கும் உரிய குளவி இனம் தனியே உண்டு. புறத்தே புலனாகாமல் அகத்தே மலரும் இம்மரத்தின் நிழல், சொல்லாமற் சொல்லும் குருவுக்கு இருக்கையாக அமைந்தது எத்துணைப் பொருத்தம்!

பாறையைப் பிளந்து வேரூன்றும் இவ்வியல்பே ஆலயங்களுக்கு இடராகவும் அமைகின்றது. கோபுரத்தின் செங்கல் இடுக்கிலும் சுதைச் சிற்பத்தின் வெடிப்பிலும் விழுந்த அத்தி விதை, அவற்றையும் ஒரு பாறையாகவே கொள்கின்றது. மழை மிகுந்த மலேசியாவும் சிங்கப்பூரும் கல்லாலுக்கு உரிய நிலங்கள் அல்ல. ஆயினும் அதன் உறவினமும் மலாய் மொழியில் ஜெஜாவி எனப்படுவதுமான கல்லிச்சி இங்கு இயல்பாகவே வளர்வது. சுவர்களிலும் விமானங்களிலும் எளிதில் முளைப்பது. தண்டை மட்டும் வெட்டினால் எஞ்சிய வேர் மீண்டும் துளிர்க்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் திருக்குட நன்னீராட்டு வரையில் காத்திருந்தால், வேர் சுவரினுள் ஆழ்ந்துவிடும். ஆண்டுதோறும் பார்வையிட்டு, கன்று சிறிதாய் இருக்கும்போதே வேரோடு எடுத்துத் தக்க நிலத்தில் நடுவதே கோபுரத்திற்கும் மரத்திற்கும் நன்மை பயக்கும்.

மரத்தால் கட்டடத்திற்கு நேரும் கேடு இவ்வாறிருக்க, மனிதரால் மரத்தின் இருப்பிடத்திற்கு நேரும் கேடு அதனினும் பெரிது. தமிழ்நாட்டின் பாறைக் குன்றுகள் வெறும் கற்குவியல்கள் அல்ல. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி இறைவனுக்குக் கோயில் எடுத்த பெருமையை மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டுக் குன்றில் பொறித்து வைத்தான். பாண்டியரும் பல குன்றுகளைக் குடைந்து சிவனுக்குக் கோயில் கண்டனர். ஆனால் அண்மைக் காலத்தில் பல குன்றுகள் கருங்கல்லுக்காக வெட்டப்பட்டன. மதுரை மாவட்டக் கிரானைட் முறைகேடுகளை ஆராய 2014ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் சிறப்பு அதிகாரியை நியமிக்கும் நிலை ஏற்பட்டது.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அதே மாவட்டத்தில் பாண்டியர் குடைவரைச் சிவன் கோயிலும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் கொண்ட அரிட்டாபட்டிக் குன்றுகளைத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024இல் நடைபெற்றபோது சுற்றுவட்டார மக்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். 2025 சனவரியில் இந்திய அரசு அந்த ஏலத்தை நீக்கியது. கோயிலும் குன்றும் உயிரினங்களும் ஒருங்கே காக்கப்பட வேண்டியவை என்பதை அம்மக்கள் உணர்ந்திருந்தனர்.

வெட்டிய குன்று மீண்டும் வளர்வதில்லை. குன்று மறையுமானால் அதன் பிளவில் வேரூன்றிய கல்லாலும் மறையும். பின்னர் அது திருமுறை ஏடுகளிலும் கோயிற் சுவர்களிலும் மட்டுமே எஞ்சி நிற்கும். தென்முகக் கடவுளின் திருமுன் நின்று தொழும் அன்பர்கள், அவர் திருமுடிக்கு மேல் கிளை விரித்து நிற்கும் மரத்தையும் ஒருகணம் கண்டு, அதன் பெயரைத் தம் மக்களுக்கு எடுத்துரைப்பார்களாக.