மேடையா, கேசட்டா? - ஆனி டிஃபிராங்கோவின் கதை

ஒரு பாட்டின் உண்மையான வடிவம் எது? பாடகர் மேடையில் நேரில் பாடுவதா, ஸ்டுடியோவில் பதிவு செய்து விற்பதா? இசை ரசிகர்களிடையே முடியாத சண்டை இது. அமெரிக்கப் பாடகி ஆனி டிஃபிராங்கோவின் கதையைப் பார்த்தால் இதற்கு ஓரளவு பதில் கிடைக்கிறது.

ஆனி 1970-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தவர். பாட்டு எழுதுவது, மெட்டு போடுவது, கிடார் வாசிப்பது, பாடுவது எல்லாம் அவரேதான். சிறுமியாக இருக்கும்போதே உள்ளூர் பார்களில் பாட ஆரம்பித்துவிட்டார்.

பெரிய இசை நிறுவனத்தில் சேர்ந்தால் விளம்பரம் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் பதிவின் உரிமை நிறுவனத்துக்குப் போய்விடும். செலவுகளைக் கழித்த பிறகுதான் பாடகருக்குப் பங்கு! ஆனி அந்த வழிக்கே போகவில்லை. 1990-ல், இருபது வயதுகூட நிறையாத நிலையில், 'ரைச்சஸ் பேப் ரெக்கார்ட்ஸ்' என்று சொந்த நிறுவனம் தொடங்கினார்.

விளம்பரத்துக்குப் பணம் இல்லை. காரில் ஊர் ஊராகப் போய் கல்லூரிகளிலும் சின்ன கிளப்புகளிலும் பாடினார். கச்சேரி முடிந்ததும் அங்கேயே கேசட் விற்றார். வழக்கமாக, ஆல்பத்தை விற்பதற்காகக் கச்சேரி நடத்துவார்கள். இங்கே எல்லாம் தலைகீழ். கச்சேரிதான் சரக்கு, கேசட் அதன் ஞாபகார்த்தம்.

அதனால் ஒரு சிக்கலும் வந்தது. நேரில் பார்த்தவருக்குக் கேசட்டைப் போட்டால் முழுக் கச்சேரியும் கண்முன் வரும். பார்க்காதவருக்கு? ஆனி வலது கை விரல்களில் செயற்கை நகங்களை டேப் சுற்றி ஒட்டிக்கொண்டு, மத்தளம் தட்டுவதுபோலக் கம்பிகளை அடித்து வாசிப்பவர். பாட்டுக்கு நடுவே கதை சொல்வார், தன்னை மறந்து சிரிப்பார், கூட்டமும் சேர்ந்து சிரிக்கும். ஸ்டுடியோவின் நாலு சுவருக்குள் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

இதற்கு விடையாக 1997-ல் வந்தது 'லிவிங் இன் கிளிப்'. மேடையில் பதிவு செய்த இரட்டை சிடி. ஆம்ப்ளிஃபயர் தாங்கும் அளவைச் சத்தம் தாண்டும்போது ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். அதற்குப் பெயர் 'கிளிப்'. பேச்சு, சிரிப்பு, கைதட்டல் எல்லாம் அப்படியே இருந்தன. சொந்த நிறுவனத்தில் வந்த இந்த ஆல்பம் அமெரிக்காவில் 'கோல்டு' தகுதி பெற்றது. 

'போத் ஹேண்ட்ஸ்' என்ற ஒரே பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-ல் முதல் ஆல்பத்தில் வந்தபோது ஒரு கிடார், ஒரு குரல், அவ்வளவுதான். 1997 நேரடி ஆல்பத்தில் அதே பாட்டுக்கு பஃபலோ ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா துணை. 2007-ல் 'கேனன்' தொகுப்புக்காக அதை மறுபடி பதிவு செய்தார். மேடையில் பாட்டு வளர்ந்துகொண்டே போயிருக்கிறது, பழைய பதிவு அங்கேயே நின்றுவிட்டது.

அப்படியானால் மேடைதான் ஜெயித்ததா? அவசரப்பட வேண்டாம். நேரடி ஆல்பமும் பதிவுதான். நூறாவது முறை கேட்டாலும் அதே இடத்தில் அதே சிரிப்புதான் வரும். தவிர, அமெரிக்காவுக்குப் போக வழியில்லாதவருக்கு மேடை எட்டாக்கனி, கேசட் அப்படியல்ல. இன்னொன்று, 1990-ல் பாடிய அந்த இளம் பெண்ணின் குரலை இன்று எந்த மேடையும் திருப்பித் தர முடியாது. அது அந்தப் பழைய பதிவில் மட்டும்தான் இருக்கிறது.

கணக்குப் பார்த்தாலும் அப்படித்தான். கச்சேரி கேசட்டை விற்றது. கேசட் விற்ற காசு அடுத்த ஊருக்குப் பெட்ரோல் போட்டது. யாரிடமும் கைகட்டி நிற்காமல் ஆனி தன் பாட்டைத் தானே வைத்துக்கொள்ள முடிந்தது இந்த இரண்டும் சேர்ந்ததால்தான்.

பிற்பாடு பஃபலோவில் இடிபடும் நிலையில் இருந்த ஒரு பழைய தேவாலயத்தை அவரும் அவர் நிறுவனமும் எடுத்துப் புதுப்பித்தார்கள். அங்கேயே அலுவலகமும் கச்சேரி அரங்கமும் அமைந்தன. 'பேப்வில்' என்று பெயர். மேடையில் பிறந்த கேசட் கம்பெனி, கடைசியில் மற்றவர்களுக்கும் ஒரு மேடையைக் கட்டிக்கொடுத்தது.

இப்போது சொல்லுங்கள், மேடையா, கேசட்டா?