இடப்பக்கம் முடியாத கப்பல்

போர்விமானத்தின் அளவுமாதிரியைச் செய்கிறவருக்கு அசல் எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இறக்கையின் நீளத்தில் சந்தேகம் வந்தால் போய் அளந்துவிடலாம். போக முடியாவிட்டால் வரைபடமாவது கிடைக்கும். விண்கப்பல் கிட்டை வாங்கி ஒட்டுகிறவருக்கு அந்த நிம்மதி கிடையாது. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் வரும் என்டர்பிரைஸ் 289 மீட்டர் நீளம் என்பது கதைக்குள் இருக்கும் கணக்கு. போலார் லைட்ஸ் முத்திரையில் 2012-இல் வந்த பெரிய கிட்டின் பெட்டியில் 1/350 என்று போட்டிருக்கிறது. ஒட்டி முடித்தால் சுமார் 82 செ.மீ. வரும், கணக்கு சரிதான். ஆனால் அந்த 289 மீட்டர்க் கப்பலைக் கண்டவர் யாரும் இல்லை. தொட்டுப் பார்க்க முடிந்தது, கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் ஒரு பட்டறை 1964-இல் மரத்தையும் பிளாஸ்டிக்கையும் கொண்டு செய்துகொடுத்த சுமார் 3.4 மீட்டர் படப்பிடிப்பு மாதிரியைத்தான். அதன் பக்கத்தில் வைத்தால் கிட்டின் விகிதம் ஏறக்குறைய கால்வாசி. பெட்டியில் இருப்பது கதையின் விகிதம், அளவுநாடா காட்டுவது பட்டறையின் விகிதம். எதிர்காலக் கனவு என்று பலரும் நினைக்கும் இந்தப் பொழுதுபோக்கு, உண்மையில் 1960-களிலும் 70-களிலும் இயங்கிய சில பட்டறைகளின் கைவேலையைப் பாதுகாத்துவரும் வேலை என்பதே என் கட்சி. அதற்கு முதல் சாட்சி, கப்பலுக்குள் எரியும் விளக்கு.

என்டர்பிரைஸின் உருவத்தை வரைந்தவர் மேட் ஜெஃப்ரீஸ். ரிச்சர்ட் டேட்டினின் மேற்பார்வையில் முதலில் ஏறத்தாழ மூன்றடி நீளத்தில் ஒன்றும், பிறகு பதினோரு அடியில் பெரியதும் தயாராயின. 1964 டிசம்பரில் படப்பிடிப்புக்குப் போனபோது பெரிய மாதிரியில் விளக்கு ஒன்றுகூட இல்லை. ஜன்னல்கள் வெறும் வண்ணப்பூச்சு. பின்னால்தான் உடம்பைத் துளைத்து மின்கம்பி இழுத்தார்கள். தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கிய 1966-இல் இரண்டு எஞ்சின் உருளைகளின் முன்முனையிலும் மங்கலான அரைக்கோள மூடிகள் வந்தன. அவற்றுக்குள் மோட்டாரில் சுழலும் இலைகள், பின்னால் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு விற்கும் சின்ன வண்ண பல்புகள், ஒளியைச் சிதறடிக்கக் கண்ணாடித் துண்டுகள். விண்வெளியையே வளைத்துப் பாயும் எஞ்சின் என்று திரையில் நம்பவைத்த பொருள் பண்டிகைக் கடையில் கிடைப்பதுதான். கம்பிகள் எல்லாம் கப்பலின் இடப்பக்கம் வழியாக வெளியே வந்ததால் அந்தப் பக்கத்தைப் படமெடுக்க முடியவில்லை. கேமரா வலப்பக்கத்தோடு நின்றுகொண்டது. பார்வையாளர்கள் அந்தக் கப்பலை அநேகமாக ஒரே திசையில் போவதாகவே பார்த்ததற்கு இதுதான் காரணம். கதையில் இதற்கு விளக்கம் தேடிப் பயனில்லை.

கிட்டின் பிறப்பும் அதே 1966-இல்தான். மிச்சிகன் மாநிலத்தின் ஏ.எம்.டி. நிறுவனம் அதுவரை கார் மாதிரிகளுக்குப் பெயர் பெற்றது. என்டர்பிரைஸ் கிட் விற்கும் உரிமைக்கு ஈடாக, தொடருக்குத் தேவைப்பட்ட கலிலியோ விண்ணோடத்தை ஆள் ஏறி நிற்கும் அளவில் தானே கட்டிக்கொடுக்க ஒப்புக்கொண்டது. செலவுக்குத் திண்டாடிய தயாரிப்புக்கு அது கைகொடுத்தது. கிட் 46 செ.மீ. நீளம், முதல் வெளியீட்டில் பேட்டரியும் கோதுமைமணி அளவு பல்புகளும்கூட இருந்தன. இதுவரை வழக்கமான வணிகக் கதைதான்: திரையில் வந்ததைக் கடையில் விற்கிறார்கள். ஆனால் மறு ஆண்டே போக்கு திரும்பிவிட்டது. 1967 அக்டோபரில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் சிதைந்த நிலையில் மிதக்கும் இன்னொரு கப்பல் வேண்டியிருந்தது. புதிதாகச் செய்யப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. கடையில் விற்கும் ஏ.எம்.டி. கிட்டையே ஒட்டி, சுட்டுச் சிதைத்து, படம்பிடித்தார்கள். அந்தக் கப்பலின் எண் 1017. பெட்டியோடு வரும் ஒட்டெழுத்துகளில் இருந்த 1701-ஐ வெட்டி இடம் மாற்றி ஒட்டினால் வேறென்ன எண் வரும்? அந்த எண்ணுக்கு ரசிகர்கள் பிற்பாடு எத்தனையோ வரலாற்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். கத்தரிக்கோலும் பசையும் எழுதிய எண் அது. அதே தொடரின் கிளிங்கான் போர்க்கப்பல் இன்னும் ஒரு படி மேல்: கடைக்கு இரண்டாவது கிட் வேண்டும் என்ற விருப்பமே அதன் பிறப்பில் பாதிக் காரணம், கிட்டுக்காகத் தயாரான மூலமாதிரி படப்பிடிப்புக்கும் உதவியது. திரை முதல், கடை பிறகு என்ற வரிசை இந்தத் துறைக்குப் பொருந்தவே இல்லை.

இந்தக் கொடுக்கல்வாங்கல் இங்கிலாந்தில் ‘தண்டர்பேர்ட்ஸ்’ பொம்மைத் தொடரிலேயே தொடங்கிவிட்டது. ஸ்லவ் நகரத் தொழிற்பேட்டையில் டெரெக் மெடிங்ஸின் குழு, கடைக் கிட்களின் துண்டுகளை எடுத்து விண்கலங்களின் மேனியில் ஒட்டியது. இந்தப் பழக்கம் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ வழியாக அமெரிக்கா போய், 1977-இன் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஒரு பாணியாகவே ஆகிவிட்டது. கலிஃபோர்னியாவின் வான் நைஸ் பகுதியில் கிராண்ட் மெக்யூன் தலைமையில் இயங்கிய மாதிரிப் பட்டறை, டாங்கி, பீரங்கி, போர்க்கப்பல் கிட்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரித்தது. மில்லேனியம் ஃபால்கன் என்ற அந்தச் சரக்குக்கப்பலின் மேனியை உற்றுப் பார்த்தால் இரண்டாம் உலகப்போரின் இரும்புச் சாமான்கள் தெரியும். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் வார்த்த டாங்கித் துண்டுகளும் அங்கே உண்டு. ஐந்தடி நீளமுள்ள அந்தப் படப்பிடிப்பு மாதிரியை 2017-இல் பாண்டாய் நிறுவனம் 1/72 அளவில் சுமார் 48 செ.மீ. கிட்டாக, எல்இடி விளக்கோடு வெளியிட்டது. எந்தத் துண்டு எந்தப் பழைய கிட்டிலிருந்து வந்தது என்று தேடிப்பிடித்து, அதே துண்டை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிப் புதிதாக வார்ப்பதே இந்த வகை கிட்டின் பெருமை. பாண்டாயின் தொழிற்கூடமும் ஷிசுவோகாவில்தான். ஒரு டாங்கியின் சின்ன மூடி அங்கிருந்து பசிபிக்கைத் தாண்டிப் போய், விண்கப்பலாகி, நாற்பது ஆண்டு கழித்துச் சுருங்கிய உருவில் பிறந்த ஊருக்கே திரும்பியிருக்கிறது. இதைக் கற்பனைக் கப்பலின் மாதிரி என்று சொல்வதைவிட, ஒரு பட்டறை மேசையின் மாதிரி என்று சொல்வதே பொருத்தம்.

விளக்குக்கு வருவோம். உருவத்தைப் பார்த்துக் கண் அளவை முடிவுசெய்வதில்லை. ஒரு தட்டும் இரண்டு உருளையும் எந்த அளவிலும் இருக்கலாம். மில்லிமீட்டர் துளைக்குப் பின்னால் ஒளி வந்ததும்தான் அது ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் அறை, அறைக்குள் ஆள் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆகவே முதல் கிட்டிலேயே பல்பு வைக்க நினைத்தது வீண் ஆடம்பரம் இல்லை. ஆனால் அன்றைய பல்பு இழை சூடேறி எரிவது. கிட் செய்யும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் நூறு டிகிரி செல்சியஸை ஒட்டி இளகிவிடும். பல்பை அதிகமாக்கினால் கப்பல் வளையும், குறைத்தால் இருட்டாகவே கிடக்கும். ஒட்டிய பிறகு பல்பு போய்விட்டால் உடைத்துத்தான் மாற்ற வேண்டும். சூடேறாத எல்இடி 1962 முதலே இருந்தது, ஆனால் சிவப்பில். ஜன்னலுக்கு வேண்டியது வெள்ளை. பிரகாசமான நீல எல்இடி ஜப்பானில் 1993-இல் வந்து, அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளை எடுக்கக் கற்ற பிறகே கப்பலை முழுவதும் ஒளியேற்றுவது வீட்டு மேசையில் நடக்கிற காரியமானது. நீல விளக்கைச் சாத்தியமாக்கிய மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அவர்களுடைய ரசிகர்களில் இந்த மாதிரிக்காரர்களையும் சேர்க்க வேண்டும்.

எல்இடி வந்ததும் எல்லாம் சுலபமாகிவிடவில்லை. வெள்ளை பிளாஸ்டிக்கின் பின்னால் விளக்கை ஏற்றினால் ஜன்னல் மட்டும் எரியாது, கப்பல் முழுவதும் காகிதக்கூண்டு மாதிரி ஒளிரும். அதனால் ஒட்டுவதற்கு முன்பே உட்புறம் முழுக்கக் கருப்பு பூச வேண்டும். அதன்மேல் ஒளி எதிரொளிக்க வெள்ளையோ வெள்ளியோ ஒரு கை. இரண்டு பாதிகள் சேரும் விளிம்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் இருட்டில் அது ஒளிக்கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்பது வோல்ட் பேட்டரியில் மூன்று வோல்ட் வெள்ளை எல்இடி ஒன்றை 20 மில்லியாம்பியரில் எரிக்க வேண்டுமானால், மிச்சமுள்ள ஆறு வோல்ட்டை இறக்க 300 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். கடையில் கிடைக்கும் 330 போதும். எஞ்சின் மூடிக்குள் இன்று வைக்கும் வட்டச் சுற்றுப்பலகை இன்னும் சுவாரசியம். எல்இடிகள் வரிசையாக அணைந்து எரிந்து, எதுவும் சுழலாமலேயே சுழல்வதாகக் காட்டுகின்றன. எதை நடிக்கின்றன அவை? எதிர்கால எஞ்சினையா? இல்லை, 1966-இன் மோட்டாரையும் கிறிஸ்துமஸ் பல்பையும். நிறத்தின் கலவையும் சுழலும் வேகமும் பழைய படச்சுருளைப் பார்த்துத்தான் தீர்மானமாகின்றன.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஒட்டுகிறவர் மனதில் இருப்பது கப்பல்தான், பட்டறை இல்லை; பட்டறையைத்தான் நகல் எடுக்கிறார் என்றால் இடப்பக்கத்தை ஏன் முடிக்கிறார்? நியாயமான கேள்வி. எல்லா கிட்டிலும் இடப்பக்க ஜன்னல்கள் உண்டு, ஒட்டெழுத்தும் உண்டு. கம்பி தொங்கும் இடப்பக்கத்தை அபூர்வமாக யாரேனும் வேண்டுமென்றே செய்தால்தான் உண்டு. அந்தப் பாதியில் கிட் கதையின் பக்கம் சாய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இடப்பக்கம் எப்படி நிரப்பப்படுகிறது? வலப்பக்கத்தைக் கண்ணாடியில் காட்டியதுபோலத் திருப்பிப் போட்டு. கதையிலிருந்து புதிதாக ஒரு தகவலும் அங்கே வரவில்லை, வர வழியும் இல்லை. வெறும் நகல் என்று ஒதுக்குகிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. 1977-க்குப் பிந்தைய படங்களில் கணினி இயக்கும் கேமரா ஒரே பாதையைப் பிசகாமல் திரும்பத் திரும்ப ஓடும். வெளி ஒளிக்கு ஒரு தடவை, ஜன்னல் விளக்குக்குத் தனியாக இன்னொரு தடவை என்று ஃபிலிமில் பதிவாகும். ஜன்னல் ஒளி மங்கல், அதற்கு நீண்ட நேரப் பதிவு தேவை. ஆகவே திரையில் கண்ட அந்த ஒளிச்சமன் படப்பிடிப்புத் தளத்தில் எந்த நொடியிலும் இருந்ததில்லை; அது ஃபிலிமில் மட்டுமே கூடிவந்தது. 1979-இன் முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ திரைப்படத்தில், ஆழ்ந்த விண்வெளியில் கப்பல் தன்னைத்தானே வெளிச்சமிட்டுக்கொள்ளட்டும் என்று அதன் சிறப்புக்காட்சிகளைக் கவனித்த டக்ளஸ் டிரம்புல் முடிவெடுத்து, பல் மருத்துவர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடிகளால் ஒளியைத் திருப்பிக் கப்பலின் மேனியில் விழவைத்தார். இன்று அதே விளைவுக்கு அரிசி அளவு எல்இடியைக் கப்பலின் மேனியிலேயே பதித்து வைப்பவர், பட்டறையில் துண்டு துண்டாக நடந்ததை முதல்முறையாக ஒரே பொருளாக்குகிறார். அதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிற்காலத்துக் கப்பல்களுக்கு என் வாதம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1990-களில் ‘பேபிலான் 5’ போன்ற தொடர்கள் கப்பலைக் கணினியிலேயே வரைந்தன. பட்டறையும் இல்லை, கிறிஸ்துமஸ் பல்பும் இல்லை. அங்கே கிட்தான் அந்தக் கப்பலுக்குக் கிடைக்கும் முதல் உடம்பு. விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதை ஒட்டுகிறவரே முடிவுசெய்கிறார். சுதந்திரம் அதிகம்தான். ஆனாலும் ஒளியேற்றும் வேலையில் ஆர்வலர்கள் வழக்குப் பேசித் தீர்ப்பு எழுதுகிற தீவிரம் பழைய கப்பல்களைச் சுற்றித்தான் இன்னும் நடக்கிறது. சண்டை போட ஓர் அசல் வேண்டுமல்லவா?

அந்த அசல் 1974-இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. பல தடவை பழுதுபார்த்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் பூசிய அழுத்தமான கோடுகளும் நிழல்களும் ரசிகர்களிடம் நல்ல பெயர் எடுக்கவில்லை. கடைசிப் புதுப்பிப்பில் 1967 ஆகஸ்டில் இருந்த தோற்றமே இலக்கு என்று முடிவாயிற்று. எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து உட்கம்பிகளைப் பார்த்தார்கள். பழைய புகைப்படம் வைத்திருப்பவர்கள் தரலாம் என்று பொதுமக்களிடம் கேட்டார்கள். தட்டின் மேற்பரப்பில் மிஞ்சியிருந்த 1960-களின் வண்ணத்தைத் தொடாமல் விட்டார்கள். எஞ்சின் மூடிகளுக்குள் மோட்டாரும் பல்பும் இருந்த இடத்தில் எல்இடிகள் வந்தன. அசலே இப்போது கிட்காரர்களின் வழியில் தன்னை நடிக்கிறது. 2016 ஜூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்த அதைச் சுற்றி நடந்து, எல்லாப் பக்கமும் பார்க்கலாம். வலப்பக்கத்து ஜன்னல்களைப் பார்த்துவிட்டு மறுபக்கம் போகிறவருக்கு, அலங்காரம் ஏதும் இல்லாத சாம்பல்நிற மேனிதான் எதிரே நிற்கும்.