போசனப்பிரியமும் மூளையின் ஒரு மூலையும்

நாம் குருவான புதிதில், ஒரு பங்கில் புதுநன்மை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். தலையான பாவங்கள் ஏழினையும் வரிசையாகச் சொல்லிப் ‘போசனப்பிரியம்’ என்ற சொல்லுக்கு வந்தபோது, பிள்ளைகள் அனைவரும் ஒருசேரத் திரும்பி, மூன்றாம் வரிசையில் இருந்த பருத்த சிறுவனைப் பார்த்தனர். சிரிப்பொலி எழுந்தது. நாமும் சிரித்தோம் என்பதை இங்கே எழுதாமல் விடுவது முறையன்று.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ், மனிதனை அலைக்கழிக்கும் எட்டுத் தீய எண்ணங்களைக் கணக்கிட்டபோது, பெருந்தீனியையே முதலில் வைத்தார். ஆயினும் அவரும், அவர்க்குப் பின் பெரிய கிரகோரியாரும் பேசியது உள்ளத்தின் ஒழுங்கின்மையைப் பற்றியே. இடுப்பின் சுற்றளவைப் பற்றி அன்று. இவ்வேறுபாட்டைக் குருமடத்தில் படித்தோம், வகுப்பறையில் மறந்தோம்.

பசிக்கு உடலில் ஓர் இருப்பிடம் உண்டென்பதை அறிவியல் மெல்லவே கண்டது. 1940இல் அமெரிக்காவில் ஹெதரிங்டன், ரான்சன் என்னும் இருவர், எலியின் மூளையடியில் உள்ள ‘ஹைப்போதாலமஸ்’ என்ற சிறு பகுதியில் ஓரிடத்தைச் சிதைத்தனர். எலிகள் அளவின்றிப் பருத்தன. 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் பிரோபெக்குடன் ஆய்வு செய்த பால் கிருஷ்ண ஆனந்த், அதே பகுதியின் பக்கவாட்டில் வேறோர் இடத்தைச் சிதைத்தார். எலிகள் உணவைத் தொடவே இல்லை. பின்னாளில் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் உடலியல் துறையைக் கட்டி எழுப்பியவர் இவரே. நம் நாட்டவராயினும் நம்முள் எத்தனை பேர் இவர் பெயரைக் கேட்டிருக்கிறோம்!

அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் பிறவியிலேயே பருக்கும் சுண்டெலி இனங்கள் இரண்டு இருந்தன. டக்ளஸ் கோல்மன் 1973இல் அவ்விரண்டின் குருதி ஓட்டத்தையும் ஒன்றாக இணைத்தார். ஓரினத்து எலி உண்பதை நிறுத்தி மடிந்தது. மற்றது பருத்தபடியே இருந்தது. ஒன்றுக்கு ‘போதும்’ என்னும் செய்தி உடலில் ஊறவில்லை. மற்றதற்குச் செய்தி ஊறியும் கேட்கும் செவி இல்லை என்று அவர் முடிவு கண்டார். அச்செய்தி எதுவென்பதை 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்தனர். கொழுப்பு அணுக்களில் சுரக்கும் அதற்கு, மெலிவு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் ‘லெப்டின்’ என்று பெயரிட்டனர்.

எலிக்குள்ளது மனிதர்க்கும் உண்டோ? 1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள், நெருங்கிய உறவினரான இரு குழந்தைகளைப் பற்றி எழுதினர். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இரண்டு வயதுச் சிறுவனுக்கு 29 கிலோ. ஓயாத பசி. இருவர் உடலிலும் லெப்டின் ஏறக்குறைய இல்லவே இல்லை. அச்சிறுமிக்கு நாள்தோறும் லெப்டினை ஊசியால் செலுத்த, ஓராண்டில் 16 கிலோ குறைந்தது. உபதேசத்தால் அன்று, ஊசியால்! அதற்குமுன் அக்குழந்தைகளின் பெற்றோர் எத்தனை பேரிடம் ஏச்சுக் கேட்டிருப்பரோ!

இத்தகைய ஒற்றைப் பழுது மிக அரியது. பருத்தவர் பெரும்பாலோரிடம் லெப்டின் நிறையவே உண்டு. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. உயிருள்ள மனிதரின் மூளையடியை வெட்டிப் பார்க்கவும் இயலாது. இவ்விடத்தில்தான் குருத்தணுக்கள் வருகின்றன. 1998இல் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்தார், கரு அழிந்தது. திருச்சபை அதை ஏற்கவில்லை, இன்றும் ஏற்பதில்லை. ஜப்பானின் ஷின்யா யமனாக்கா வேறு வழி கண்டார். நான்கு மரபணுக்களைச் செலுத்தி, வளர்ந்த தோலணுவையே குருத்தணு நிலைக்குத் திருப்பினார்: 2006இல் எலியில், 2007இல் மனிதரில். 2012இல் நோபெல் பரிசும் பெற்றார். 2015இல் கொலம்பியா, ஹார்வர்டு ஆய்வாளர்கள் மனிதக் குருத்தணுக்களிலிருந்து பசியை ஆளும் நரம்பணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தனர். அவற்றுள் கருவிலிருந்து பெற்ற அணுக்களும் இருந்தன என்பதை நம் வாசகரிடம் மறைக்கலாகாது.

2018இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில் நிகழ்ந்த ஆய்வோ, யமனாக்காவின் வழியில் சென்றது. மிகமிகப் பருத்தவர், இயல்பான எடையுள்ளவர் என இரு சாராரின் உயிரணுக்களையும் திருப்பி, நரம்பணுக்களாக்கி, லெப்டினையும் பசி தூண்டும் கிரெலினையும் ஊட்டினர். பருத்தவரின் அணுக்கள் வேறுவிதமாக மறுமொழி தந்தன. அவை ஒருபோதும் ஒரு கவளம் உண்டதில்லை. எந்த விருந்துக்கும் சென்றதில்லை. எனினும் வேற்றுமை அங்கே இருந்தது!

தட்டில் வளர்வன இளம் அணுக்களே. இரைப்பையோடும் நாவோடும் அவற்றுக்குத் தொடர்பில்லை. மனித விருப்பத்தின் பங்கு எவ்வளவு என்பதை அவை சொல்லா. ஒழுக்கவியல் கற்ற நாம் அக்கேள்வியை விட்டுவிடவும் இல்லை.

வகுப்பில் நாம் சிரித்த அச்சிறுவரை அண்மையில் ஒரு திருமணத்தில் கண்டோம். முப்பதைக் கடந்திருந்தார், உடல் அப்படியே இருந்தது. அன்போடு கைகூப்பினார். பந்திக்கு அழைத்தபோது, வீட்டில் அவசர வேலை என்று சொல்லி விடைபெற்றுக்கொண்டார்.