கன்ட்ரோலரிலிருந்து வியூவுக்கு: பிஎச்பி ஃபிரேம்வொர்க்குகளில் தரவு ஒப்படைப்பு

பிஎச்பியில் இணையச் செயலி எழுத உதவும் ஃபிரேம்வொர்க்குகள் பெரும்பாலும் வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்கின்றன. தரவுத்தளத்தோடு பேசுவது மாடல். வந்த கோரிக்கையைப் பார்த்து அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுப்பது கன்ட்ரோலர். பயனரின் திரைக்குப் போகும் எச்டிஎம்எல்லை எழுதுவது வியூ. கன்ட்ரோலர் திரட்டிய தரவு வியூவின் கைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். லாராவெல், சிம்ஃபனி, கோட்இக்னைட்டர், கேக்பிஎச்பி, யீ என ஒவ்வொன்றும் இதற்குத் தனி இலக்கணம் வைத்திருந்தாலும், உள்ளே எட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே பொறிதான் ஓடுகிறது. அவை பிரிந்து நிற்பது இரண்டு கேள்விகளில்: வியூவுக்குள் எந்தப் பெயர்கள் நுழையலாம் என்று யார் தீர்மானிப்பது? அந்த மதிப்புகளைத் திரையில் எழுதுமுன் பாதுகாப்பாக மாற்றுவது யார் பொறுப்பு?

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட பிஎச்பியே ஒரு வகையில் டெம்ப்ளேட் கருவிதான். எச்டிஎம்எல் நடுவே நிரல் வரிகளைச் செருகலாம் என்பதே அதன் கவர்ச்சி. ஒரே கோப்பின் மேற்பகுதியில் தரவுத்தள வினவல், கீழ்ப்பகுதியில் அட்டவணை என்று எழுதிய காலத்தில் ஒப்படைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. மேலே பிறந்த மாறி கீழேயும் உயிரோடு இருக்கும், அவ்வளவுதான்.

மாடல், வியூ, கன்ட்ரோலர் என்ற பிரிவினை அதைவிட மூத்தது. நார்வேக்காரரான டிரிக்வே ரீன்ஸ்காக் 1979இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில், ஸ்மால்டாக் மொழிச் சூழலில் வகுத்தது. அங்கே வியூ மாடலை நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். மாடலில் மாற்றம் வந்தால் தன்னைப் புதுப்பித்தும் கொள்ளும். இணையத்தில் அதற்கு வழியில்லை. கோரிக்கை வரும், பதில் போகும், அத்தோடு பிஎச்பி நிரலின் ஆயுள் முடிந்துவிடும். ஆகவே வியூவுக்குத் தேவையானதை எல்லாம் முன்கூட்டியே சேகரித்துக் கொடுக்கும் வேலை கன்ட்ரோலர் தலையில் விழுந்தது. 2004இல் ரூபி ஆன் ரெயில்ஸ் வந்து இந்தப் பிரிவினையைப் பிரபலமாக்க, அதே ஆண்டு வெளியான பிஎச்பி 5 உருப்படியான ஆப்ஜெக்ட் வசதியைத் தந்தது. அடுத்த ஆண்டே கேக்பிஎச்பியும் சிம்ஃபனியும் தலைகாட்டின. 2006 பிப்ரவரியில் கோட்இக்னைட்டர், 2008 டிசம்பரில் யீ, 2011 ஜூனில் லாராவெல் என்று வரிசை நீண்டது.

பொறியைக் கழற்றிப் பார்க்க கோட்இக்னைட்டர்தான் வசதி. அதில் ஒளிவு மறைவு குறைவு. கன்ட்ரோலரில் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம்:

$தரவு['தலைப்பு'] = 'பத்தாம் வகுப்பு';
$தரவு['மாணவர்கள்'] = $பட்டியல்;

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க பிஎச்பி அனுமதிக்கிறது, பயன்படுத்துவோர்தான் அரிது. இந்த அர்ரேயை வியூவின் பெயரோடு சேர்த்துக் கொடுத்தால், வியூ கோப்பில் <?= $தலைப்பு ?> என்று எழுத முடிகிறது. அர்ரேயின் சாவியாக இருந்தது தனி மாறியாக மாறிவிட்டது. இதைச் செய்வது பிஎச்பியோடு வரும் 'எக்ஸ்ட்ராக்ட்' என்ற ஃபங்ஷன். ஃபிரேம்வொர்க் முதலில் அர்ரேயை மாறிகளாகப் பிரிக்கிறது. பிறகு வெளியீட்டுத் தேக்கத்தைத் திறக்கிறது. அதன்பின் வியூ கோப்பை 'இன்க்லூட்' செய்கிறது. கோப்பு எழுதிய எச்டிஎம்எல் உலாவிக்குப் போகாமல் தேக்கத்தில் நிற்க, கடைசியில் அது ஒரே சரமாக எடுக்கப்படுகிறது. இந்த நான்கு அடிகளும் ஒரு ஃபங்ஷனுக்குள் நடப்பதால், கன்ட்ரோலரில் இருந்த மற்ற மாறிகள் வியூவின் கண்ணில் படுவதில்லை. புதிதாகக் கற்பவர்கள், 'கன்ட்ரோலரில் மாறி இருக்கிறது, வியூவில் மட்டும் இல்லை என்கிறதே' என்று தலையைச் சொறிவது இதனால்தான். கொடுத்தது மட்டுமே போகும்.

எக்ஸ்ட்ராக்ட் கூர்மையான கருவி. ஏற்கெனவே அதே பெயரில் மாறி இருந்தால், வேறு உத்தரவு இல்லாதவரை, பழையதை அழித்துப் புதியதை வைத்துவிடும். வியூ கோப்பின் பாதையைத் தாங்கிய உள்மாறியின் பெயரையே ஒரு சாவி கொண்டுவந்தால், இன்க்லூட் ஆவது வேறு கோப்பாக இருக்கும். லாராவெல்லும் யீ 2உம் தம் உள்மாறிகளுக்கு அடிக்கோடுகள் ஒட்டிய விநோதப் பெயர்களை வைத்திருப்பதன் காரணம் இதுதான். லாராவெல் கூடுதலாக, இருக்கும் மாறியைத் தொடாமல் தாண்டிப் போகும்படியும் எக்ஸ்ட்ராக்ட்டுக்கு உத்தரவிடுகிறது. பயனர் அனுப்பிய தகவலை அப்படியே எக்ஸ்ட்ராக்ட்டில் போடக் கூடாது என்று பிஎச்பி கையேடே எச்சரிக்கிறது. முகவரியில் வரும் சொற்களை எல்லாம் தானாக மாறிகளாக்கிய 'ரெஜிஸ்டர் குளோபல்ஸ்' வசதி பட்ட பாட்டை மொழி மறக்கவில்லை. 2002இல் பிஎச்பி 4.2 அதை இயல்பு நிலையில் அணைத்து வைத்தது. 2012இல் வந்த 5.4 அடியோடு நீக்கியது.

பெயரை யார் தீர்மானிப்பது என்பதில் ஃபிரேம்வொர்க்குகளின் குணம் வெளிப்படுகிறது. முதல் தலைமுறைக்கு மறைமுகமான ஒப்படைப்புதான் பிடித்திருந்தது. சிம்ஃபனி 1இல் கன்ட்ரோலர் ஆப்ஜெக்டின் மேல் ஒரு பண்பை எழுதினால் போதும். அது டெம்ப்ளேட்டில் மாறியாக முளைக்கும். எந்த டெம்ப்ளேட் என்றுகூடச் சொல்ல வேண்டாம், ஆக்ஷனின் (கோரிக்கையைக் கவனிக்கும் கன்ட்ரோலர் மெத்தடின்) பெயரை வைத்து அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். கேக்பிஎச்பியில் 'செட்' என்று ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம். ஆக்ஷன் முடிந்ததும் அதன் பெயருக்குரிய வியூ தானாக ஓடும். ஜெண்ட் ஃபிரேம்வொர்க் 1 வேறு வழியில் போனது. அங்கே வியூவே ஓர் ஆப்ஜெக்ட். டெம்ப்ளேட்டிலும் அந்த ஆப்ஜெக்டின் பண்பாகவே மதிப்பைப் படிக்க வேண்டும். பெயர் மோதல் இல்லை என்பது லாபம். எழுத்துப் பிழையோடு ஒரு பண்பைக் கேட்டால், கண்டிப்பு முறையை இயக்காதவரை, சத்தமில்லாமல் வெறுமை திரும்பி வரும் என்பது நட்டம்.

பின்னாளில் காற்று வெளிப்படையான ஒப்படைப்பின் பக்கம் திரும்பியது. 2011இல் வெளியான சிம்ஃபனி 2இல் கன்ட்ரோலர் டெம்ப்ளேட்டின் பெயரையும் அர்ரேயையும் ஒரே வரியில் கொடுத்து, உருவான பதிலைத் திருப்பித் தர வேண்டும். எது போகிறது, எங்கே போகிறது என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடும். படிப்பவருக்கு இது பெரிய உபகாரம். மறைமுக முறையில் ஒரு மாறி எங்கிருந்து வந்தது என்று தேடப் போனால், தாய் வகுப்பு வரை ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

லாராவெல் ஒரே வேலைக்குப் பல வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. 'வியூ' ஃபங்ஷனின் இரண்டாம் இடத்தில் அர்ரே கொடுக்கலாம். 'வித்' என்று சங்கிலியாகக் கோக்கலாம். பிஎச்பியின் 'காம்பேக்ட்' ஃபங்ஷனிடம் மாறிகளின் பெயர்களை மட்டும் சொல்லி அர்ரேயைச் செய்துகொள்ளலாம். காம்பேக்ட் என்பது எக்ஸ்ட்ராக்ட்டின் மறுதலை. அதில் பெயரைத் தவறாக எழுதினால் பழைய பிஎச்பி அந்தப் பெயரை விட்டுவிட்டு ஒன்றுமே சொல்லாது. 2018இல் வந்த 7.3 முதல்தான் குறிப்பு கொடுக்கத் தொடங்கியது, 8.0 அதை எச்சரிக்கையாக உயர்த்தியது.

'வித்' இன்னும் குழப்பமானது. வியூவோடு சேர்த்தால் தரவு வியூவுக்குப் போகும். வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும் 'ரீடைரெக்ட்' பதிலோடு சேர்த்தால் அது செஷனில் அமர்ந்து, அடுத்த கோரிக்கையில் ஒரே ஒருமுறை எட்டிப் பார்க்கும். மாடலோடு சேர்த்தாலோ தொடர்புடைய பதிவுகளை முன்கூட்டியே தரவுத்தளத்திலிருந்து எடுத்து வரும். பெயர் ஒன்று, வேலை மூன்று. 'பதிவு சேமிக்கப்பட்டது' என்ற செய்தியை ரீடைரெக்ட்டில் வைத்துவிட்டு, அடுத்த பக்கத்தின் வியூவில் அதை மாறியாகத் தேடுவது தொடக்கக்காரர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம். அதைச் செஷனிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தரவை (மெனு, உள்நுழைந்தவரின் பெயர் போன்றவை) ஒவ்வொரு கன்ட்ரோலரும் சுமக்கத் தேவையில்லை. சிம்ஃபனி பயன்படுத்தும் டெம்ப்ளேட் மொழியான டுவிக்கில் உலகளாவிய மாறிகள் உண்டு. லாராவெல்லில் 'ஷேர்' உண்டு, குறிப்பிட்ட வியூ உருவாகும்போதெல்லாம் ஓடும் 'வியூ கம்போசர்' உண்டு. படிவப் பிழைகளைத் தாங்கிய 'எரர்ஸ்' மாறி யாரும் கொடுக்காமலே லாராவெல் வியூக்களில் கிடைப்பதும் ஒரு மிடில்வேர் அதை இப்படிப் பகிர்ந்து வைப்பதால்தான். ஆனால் கம்போசரை நட்சத்திரக் குறி போட்டு எல்லா வியூக்களுக்கும் என்று பதிவு செய்தால், பக்கத்துக்கு ஒருமுறை அல்ல, பக்கத்துக்குள் சேர்க்கப்படும் ஒவ்வொரு துண்டு வியூவுக்கும் அது ஓடும். உள்ளே ஒரு வினவல் இருந்தால் அதுவும் அத்தனை முறை ஓடும்.

அடுத்தது பாதுகாப்பு. பயனர் தன் பெயர்ப் பெட்டியில் ஜாவாஸ்கிரிப்ட் வரியை எழுதி அனுப்ப, வியூ அதை அப்படியே அச்சிட்டால், அந்த வரி அடுத்தவரின் உலாவியில் இயங்கும். வெறும் பிஎச்பி வியூக்களில் இதைத் தடுப்பது எழுதுபவரின் ஞாபகசக்தியை நம்பியிருந்தது. ஒவ்வோர் அச்சிடலிலும் ஒரு ஃபங்ஷனைச் சுற்ற வேண்டும். யீயும் கோட்இக்னைட்டரும் அதற்கான ஃபங்ஷனைக் கையில் கொடுத்துவிட்டு நிரலரை நம்பின. டுவிக் எதிர்த்திசையில் சென்றது: சொல்லாவிட்டாலும் மாற்றும், வேண்டாம் என்றால்தான் விடும். லாராவெல் இந்த இடத்துக்குச் சற்றுத் தாமதமாகவே வந்தது. அதன் டெம்ப்ளேட் மொழியான பிளேடில், நான்காம் பதிப்பில், இரட்டை நெளிவு அடைப்பு மதிப்பை அப்படியே அச்சிட்டது. பாதுகாப்பு வேண்டுமென்றால் மூன்று அடைப்பு போட வேண்டும். 2015இல் வந்த ஐந்தாம் பதிப்பு இரட்டை அடைப்பையே பாதுகாப்பானதாக்கி, மாற்றாமல் அச்சிட ஆச்சரியக்குறிகள் கொண்ட தனி வடிவத்தை வைத்தது. சுலபமாக எழுத வருவதே பாதுகாப்பானதாக இருக்க வேண்டும் என்ற அந்த முடிவு சரியானது.

தமிழ்ப் பக்கங்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை இருந்தது. 'எச்டிஎம்எல்என்டிட்டீஸ்' என்ற ஃபங்ஷன், பிஎச்பி 5.4க்கு முன், எழுத்துக் குறியாக்கம் எதுவென்று சொல்லாவிட்டால் தரவை மேற்கு ஐரோப்பிய லத்தீனாகவே கருதியது. யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட். 'அ' என்ற எழுத்தின் முதல் பைட், தலையில் கோடிட்ட லத்தீன் எழுத்தாகவும் இரண்டாம் பைட் வட்டத்துக்குள் இருக்கும் பதிவு முத்திரைக் குறியாகவும் மாறிவிடும். பக்கம் முழுக்க அந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்து நிற்பதைப் பழைய தமிழ்த் தளங்களைப் பராமரித்தவர்கள் பார்த்தவுடன் அடையாளம் காண்பார்கள். 5.4 முதல் இயல்பு யுடிஎஃப்-8. அப்போதும் நான்கைந்து ஆபத்தான குறிகளை மட்டும் மாற்றும் 'எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்' போதும்; ஃபிரேம்வொர்க்குகளும் அதையே நாடுகின்றன.

ஒரு மதிப்பை எச்டிஎம்எல்லுக்குள் வைக்கும்போது செய்யும் மாற்றம் ஸ்கிரிப்ட் பகுதிக்குள் செல்லுபடியாகாது என்பதும் கவனிக்கத்தக்கது. அங்கே ஜேசனாக மாற்றியே தரவைத் தர வேண்டும். டுவிக்கிலும் கோட்இக்னைட்டர் 4இலும் எந்தச் சூழலுக்கான மாற்றம் என்று குறிப்பிட முடியும்.

எப்படிக் கொடுப்பது என்பது தீர்ந்தால், எதைக் கொடுப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. மாடல் ஆப்ஜெக்டையே தூக்கிக் கொடுப்பது சுலபம். டுவிக்கில் மாணவருக்குப் பின் ஒரு புள்ளி வைத்துப் பெயரைக் கேட்டால், அது அர்ரேயின் சாவியா, ஆப்ஜெக்டின் பண்பா, மெத்தடா என்று டுவிக்கே முயன்று பார்த்துக்கொள்ளும். ஆனால் மாடல் வியூவுக்குள் போனால் அதன் தரவுத்தளத் தொடர்பும் கூடவே போகிறது. 50 மாணவர்களைச் சுழற்சியில் காட்டும்போது ஒவ்வொருவரின் ஆசிரியர் பெயரையும் அச்சிட்டால், பட்டியலுக்கு ஒன்று, ஆசிரியர்களுக்கு 50 என்று 51 வினவல்கள் ஓடலாம். வியூ கோப்பில் வினவல் என்ற பேச்சே இல்லை. வேகம் மட்டும் குறையும். கன்ட்ரோலரிலேயே ஆசிரியர்களையும் சேர்த்து எடுத்துவிட்டால் இரண்டோடு முடியும். இப்படி நழுவும் வினவல்களைப் பிழையாக எறியும் வசதியை லாராவெல் 2021இல் சேர்த்தது.

சேர்க்கப்படும் துண்டு டெம்ப்ளேட்டுகளிலும், தேவைக்கு மேல் கூடவே போகும் இதே சிக்கல் சிறிய அளவில் உண்டு. பிளேடின் 'இன்க்லூட்' தாய் வியூவின் மாறிகள் அனைத்தையும் துண்டுக்குக் கடத்தும். டுவிக்கும் அப்படியே, 'ஒன்லி' என்று கட்டுப்படுத்தாதவரை. பிளேடின் காம்பொனென்ட்டுகளோ கேட்டுப் பெற்றதை மட்டுமே அறியும்.

2019 முதல் பரவிய இனர்ஷியா என்ற கருவி இந்த ஒப்படைப்பின் எல்லையையே இடம் மாற்றியது. கன்ட்ரோலரில் எழுதும் வரி பழைய மாதிரியே தெரியும்: பக்கத்தின் பெயர், கூடவே ஓர் அர்ரே. ஆனால் வியூ இப்போது உலாவியில் ஓடும் வியூ அல்லது ரியாக்ட் காம்பொனென்ட் (முன்னது வியூ.ஜேஎஸ், அதன் பெயரும் 'வியூ'வுக்கான பிரெஞ்சுச் சொல்லே). பிளேடில் ஒரு மாணவரின் முழுப் பதிவைக் கொடுத்துப் பெயரை மட்டும் அச்சிட்டால் மற்றவை சர்வரிலேயே தங்கிவிடும். இனர்ஷியாவில் கொடுத்த அத்தனையும் ஜேசனாகி உலாவிக்குப் போகும். திரையில் தெரியாத கைபேசி எண்ணைக்கூடப் பக்கத்தின் மூலத்தைத் திறப்பவர் படிக்கலாம். லாராவெல் மாடலில் சில பத்திகளை மறைத்து வைக்கும் பட்டியல் ஒன்று உண்டு. பிளேடுக்கு அது பொருட்டே இல்லை; மாடல் அர்ரேயாகவோ ஜேசனாகவோ மாறும்போதுதான் வேலை செய்யும். அதனால் பிளேடிலிருந்து இனர்ஷியாவுக்கு மாறும் குழுக்கள், ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் வெறும் மாடலை அனுப்பும் வரிகளைத் தேடி, தேவையான பத்திகளை மட்டும் பொறுக்கி எடுக்கும்படி திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.